மான்டெரி பார்க்குக்குப் பிறகு ஆலோசனைக்கு யார் வருகிறார்கள்?

ஃப்ரீமாண்ட்வாசி | 26 ஜனவரி 2023

கலிபோர்னியாவின் மான்டெரி பார்க் நகர நடனக்கூடத்தில் போன சனிக்கிழமை சுட்டவர் 72 வயது ஆசியர். அதே மாநிலத்தின் ஹாஃப் மூன் பேயில், காளான் பண்ணைகளில் சுட்டவரும் ஆசியர்தான். ஆனாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் இனவெறி, சமூகக் காயம், மனநல உதவி என்றே பேசுகிறார்கள். இது துப்பாக்கிப் பிரச்சினை. இதற்குள் இனவெறியை இழுப்பது எதற்கு? இன்னொன்று, நம்மவர்களுக்கு இந்த ஆலோசனையெல்லாம் ஒத்துவராது. குடும்பம் இருக்கிறது, கோயில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் மணிக்கு 200 டாலர் கொடுத்து அழ வேண்டுமா? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

கணக்குமேசை | 27 ஜனவரி 2023

மாற்றுக் கருத்து இருக்கிறது. எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓக்லாந்துப் பக்கம் உள்ள ஒரு சிறிய மனநல நிலையத்தில் அப்பாயின்ட்மெண்ட் கொடுப்பதும், காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கணக்கு அனுப்புவதும் என் வேலை. நான் மருத்துவரும் அல்ல, ஆலோசகரும் அல்ல. உள்ளே அறையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. யார் அழைக்கிறார்கள், யார் வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போகிறார்கள், எந்தக் கணக்கு திரும்பி வருகிறது என்பவை தெரியும்.

ஜனவரி 21 சனிக்கிழமை, சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு, ஸ்டார் பால்ரூம் நடனக்கூடத்தில் சுட்டவர் யார் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியவந்தது. இடையில் கழிந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை ஆசியக் குடும்பங்களும், இது ஆசியர்கள் மீதான வெறுப்புத் தாக்குதல் என்ற ஒரே முடிவுக்குத்தான் வந்திருந்தன. அது வெறும் கற்பனையிலிருந்து வரவில்லை. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் காலை நடைக்குப் போன 84 வயதுத் தாய்லாந்து முதியவர் விச்சா ரத்தனபக்தியை ஒருவன் ஓடிவந்து தள்ளிக் கொன்றான். அந்தக் காணொளியைப் பார்க்காத முதியவர் எங்கள் பகுதியில் இல்லை. அதே ஆண்டு மார்ச் 16 அன்று அட்லாண்டாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மசாஜ் நிலையங்களில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். ஸ்டாப் ஏஏபிஐ ஹேட் என்ற கூட்டமைப்பு, ஆசியர்களுக்கும் பசிபிக் தீவினருக்கும் எதிரான வெறுப்புச் சம்பவங்களை 2020 மார்ச்சில் பதிவுசெய்யத் தொடங்கி 2022 மார்ச் வரைக்குள் ஏறத்தாழ 11,500 சம்பவங்களைப் பெற்றது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அடியோ உதையோ இல்லாத வசைகளும் இழிசைகைகளும். இந்த விவரத்தை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

சுட்டவர் யார் என்று தெரிந்தவுடன் அச்சம் விலகியிருக்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. இந்த வாரம் வந்த அழைப்புகளில் அப்படித் தெரியவில்லை. சுட்டது நம்மில் ஒருவர்தானாம் என்று சொன்னவர்களே, அதே மூச்சில் பேருந்தில் ஏற முடியவில்லை என்றும் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளாகக் கதவின் சங்கிலியை இரண்டு முறை சரிபார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு கொலையாளியின் பெயர் ஆறுதல் ஆகிவிடுவதில்லை. துப்பாக்கிப் பிரச்சினை என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே மனிதர் இரண்டு காரணங்களுக்காகவும் தூங்காமல் இருக்க முடியும் என்றுதான் சொல்கிறேன்.

கணக்குமேசை | 27 ஜனவரி 2023, இரவு

ஹாஃப் மூன் பேயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை மான்டெரி பார்க்குடன் ஒரே மூட்டையில் கட்டுவது சரியில்லை. அங்கே இறந்த ஏழு பேரும் காளான் பண்ணை சார்ந்தவர்கள். சீனர்களும் இருந்தார்கள், லத்தீன் அமெரிக்கர்களும் இருந்தார்கள். அந்தத் தொழிலாளர்களில் சிலர் கப்பல் சரக்குப் பெட்டிகளில் குடியிருப்பதாகவும் மணிக்கு ஒன்பது டாலர் கூலி வாங்குவதாகவும் தம்மிடம் சொன்னதாக ஆளுநர் நியூசம் கூறியிருக்கிறார். கலிபோர்னியாவில் 2023-இன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15.50 டாலர். அவர்களுக்கு முதலில் வேண்டியது கதவும் கழிப்பறையும் உள்ள ஒரு வீடு. ஆலோசகர் அதற்குப் பிறகு வரலாம், அல்லது வீட்டுச் சாவியோடு கூடவே வரலாம்.

கணக்குமேசை | 2 பிப்ரவரி 2023

வேறொரு வாசகர், இதெல்லாம் சீனர்களின் பிரச்சினை, நாம் ஏன் நடுவில் என்று கேட்டிருக்கிறார். தாக்குகிறவன் நம் கடவுச்சீட்டைக் கேட்டுவாங்கிப் பார்த்துவிட்டுத் தாக்குவதில்லை. 1982-இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் அடித்துக் கொல்லப்பட்ட வின்சென்ட் சின் சீன வம்சாவளியினர். அவர் மீது பாய்ந்தது ஜப்பானியக் கார்கள் மீதான கோபம். கொன்ற இருவருக்கும் நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும்தான் தண்டனை. ஒரு நாள்கூடச் சிறை இல்லை. 2001 செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில், தம் பெட்ரோல் நிலைய வாசலில் செடி நட்டுக்கொண்டிருந்த பல்பீர் சிங் சோதி தலைப்பாகைக்காகக் கொல்லப்பட்டார். 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சின் ஓக் கிரீக் குருத்வாராவில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். படுகாயத்தோடு செயலற்றுக் கிடந்த ஏழாமவர் 2020-இல்தான் இறந்தார். 2017 பிப்ரவரியில் கான்சாஸின் ஓலேத்தாவில், வேலை முடிந்து உணவு விடுதியில் உட்கார்ந்திருந்த பொறியாளர் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லாவைச் சுட்டவன், தான் ஈரானியர்களைச் சுட்டதாகச் சொன்னான்.

அந்த 2017-இல் நாங்கள் வேறு மாநிலத்தில் இருந்தோம். என் கணவரும் அவருடன் வேலை பார்த்த தமிழ், தெலுங்கு நண்பர்களும் சில மாதங்கள் வரை உணவகங்களில் தாய்மொழியில் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் கூடிப்பேசி எடுத்த முடிவு அல்ல அது. அவரவர் தாமாகக் குரலைத் தாழ்த்தினார்கள், பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார்கள். அதை அச்சம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அத்தனை பேரும் சிரித்திருப்பார்கள்.

என் மாமியார் கதை இன்னும் நெருக்கமானது. மதுரையிலிருந்து எங்களோடு வந்து இருப்பவர், தினமும் மாலையில் நடப்பவர். 2021 கோடையில் ஒரு பிக்கப் வண்டியிலிருந்து ஏதோ கத்திக்கொண்டே ஒரு பையன் குளிர்பானக் கோப்பையை அவர்மீது வீசினான். பனிக்கட்டியும் சிவப்புச் சாயமும் சேலை முழுக்க. வீட்டுக்கு வந்து சேலையை அலசிப் போட்டுவிட்டு எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து முழங்கால் வலி. நாங்கள் எக்ஸ்ரே எடுத்தோம், பிசியோதெரபிக்கு அழைத்துப்போனோம், விலை கூடிய செருப்பு வாங்கினோம். சாயம் போகாத அந்தச் சேலையைத் துணிக்கூடையில் கண்டு நான் கேட்டபோதுதான் கதை வெளியே வந்தது. பிறகு அடுத்த தெருவில் இருக்கும் குஜராத்திப் பாட்டி ஒருவர் தினமும் வந்து அழைத்துப்போகத் தொடங்கினார். முழங்கால் வலியும் குறைந்தது. ஃப்ரீமாண்ட்வாசி, இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, ஆலோசகர் தேவைப்படவில்லையே என்பீர்கள். ஒரு பகுதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பகுதிக்குப் பிறகு வருகிறேன்.

கணக்குமேசை | 9 பிப்ரவரி 2023

என் மேசைக்கு வரும் தாள்களைப் பற்றி எழுதச் சொன்னீர்கள்.

புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் பிஎச்க்யூ-9 என்ற ஒரு பக்கத் தாளைக் கொடுப்போம். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒன்பது கேள்விகள்: ஈடுபாடு இல்லாமை, மனச்சோர்வு, தூக்கம், களைப்பு, பசி, தன்னைப் பற்றிய தாழ்வெண்ணம், கவனம், அசைவில் மந்தமோ பதற்றமோ, இறந்துவிடலாம் என்ற எண்ணம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. கூட்டினால் அதிகபட்சம் 27. நல்ல தாள்தான், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வெளியே போக அஞ்சுகிறீர்களா என்று அதில் ஓரிடத்திலும் கேள்வி இல்லை, ஏனென்றால் அது மனச்சோர்வை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. பேருந்து நிறுத்தத்தில் தள்ளிவிடப்பட்ட ஒரு பெரியவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) தூக்கத்துக்கு 3, களைப்புக்கு 2 என்று வட்டமிட்டு, மீதி ஏழுக்கும் பூஜ்யம் போட்டுக் கொடுத்தார். மொத்தம் 5. லேசானது என்று தாள் சொல்லும். அந்த ஐந்து மதிப்பெண் மனிதர், மகன் காரில் கொண்டுவந்து விட்டால் ஒழிய வீட்டு வாசலைத் தாண்டி மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

அடுத்தது, நோய்க்குப் பெயர் வைக்கும் கட்டம். பெயர் இல்லாமல் காப்பீட்டில் பணம் வராது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு என்று எழுத வேண்டுமானால், மரணமோ, கடும் காயமோ, பாலியல் வன்முறையோ, இவற்றின் அச்சுறுத்தலோ நேர்ந்திருக்க வேண்டும். தமக்கு நேரலாம், கண்ணெதிரே நடக்கலாம், நெருங்கிய உறவினருக்கோ நண்பருக்கோ நடந்ததாகக் கேள்விப்படலாம். தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ பார்த்தது, வேலையின் பகுதியாகப் பார்த்தது அல்லாதவரை, கணக்கில் வராது. இப்போது மேலே நினைவில் வைக்கச் சொன்ன மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பிப் போ என்று ஒரே கடை வாசலில் பலமுறை கேட்டவருக்கும், காணொளியை இரவெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்கும் இந்த வாசல் திறக்காது.

பாகுபாட்டுக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளானவர் என்று பதிவதற்கே ஒரு குறியீடு உண்டு, இசட் 60.5. அழகாக எழுதிவைக்கலாம். அதை மட்டும் முதன்மைக் காரணமாகப் போட்டு அனுப்பினால், என் அனுபவத்தில், கணக்கு திரும்பித்தான் வரும். ஆகவே ஆலோசகர்கள் அச்சக்கோளாறு என்றோ, புதிய சூழலுக்கு இணங்குவதில் உண்டான கோளாறு என்றோ எழுதுகிறார்கள். அதில் பொய் இல்லை. அந்த மனிதரிடம் அந்த அறிகுறிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் வெளியே ஒருவன் செய்தது தாளில் ஏறும்போது உள்ளே இருப்பவரின் கோளாறாகிவிடுகிறது. இணங்கிக்கொள்ள வேண்டியவர் யார் என்று அந்த வரியை நிரப்பும்போதெல்லாம் எனக்குள் ஒரு முணுமுணுப்பு எழும்.

கணக்குமேசை | 10 பிப்ரவரி 2023

திரும்பி வந்த கணக்கை மறுபடி அனுப்பக் கூடாதா என்று கேட்டவருக்கு: அனுப்புகிறோம், ஃபேக்ஸில். அமெரிக்க மருத்துவத் துறையில் ஓய்வுபெற மறுக்கும் மூத்த ஊழியர் அவர் ஒருவர்தான்.

கணக்குமேசை | 21 பிப்ரவரி 2023

ஆலோசனை நமக்கு ஒத்துவராது என்ற முதல் கேள்விக்கு இப்போதுதான் உட்கார்ந்து பதில் எழுத நேரம் கிடைத்தது.

ஒத்துவரவில்லை என்பதற்கு நல்ல சான்று 1970-களிலேயே இருக்கிறது. ஸ்டான்லி சூ என்ற சீன அமெரிக்க உளவியலாளர், சியாட்டில் வட்டாரத்தின் 17 சமூக மனநல நிலையங்களுக்கு வந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1975-இல் வெளியிட்டார். ஆசியர்கள் மிகக் குறைவாகவே வந்திருந்தார்கள். வந்தவர்களிலும் ஏறத்தாழ பாதிப்பேர் முதல் சந்திப்போடு நின்றுவிட்டார்கள். வெள்ளையரில் அப்படி நின்றவர்கள் 30 விழுக்காடு. உங்கள் வாதம் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. சூ போன்றவர்களின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்கியது. வருகிறவரிடம் குறையா, கடையிடம் குறையா என்று கேட்டார்கள்.

அதே காலத்தில், 1973-இல் சியாட்டிலில் ஏசியன் கவுன்சலிங் அண்டு ரெஃபரல் சர்வீஸ், 1974-இல் சான் பிரான்சிஸ்கோவில் ரிச்மண்ட் ஏரியா மல்ட்டி சர்வீசஸ் என்று ஆசியர்களே தொடங்கிய நிலையங்கள் வந்தன. சியாட்டில் நிலையம் ஆலோசனையோடு உணவு வங்கியும் நடத்துகிறது. அரிசி வாங்கப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஒருவர் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்துவிடலாம். இதன் மதிப்பு நம்மவர்களுக்குச் சொல்லாமலே புரியும். பிறகு 1991-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் பதிவுகளை வைத்து சூவும் அவர் குழுவினரும் செய்த ஆய்வில், தம் இனத்தைச் சேர்ந்த, தம் மொழி பேசும் ஆலோசகர் கிடைத்தவர்கள் கூடுதல் நாள் தொடர்ந்து வந்தது தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 1987-இல் சூவும் நோலன் சேனும் எழுதிய ஒரு கருத்து. முதல் சந்திப்பிலேயே வந்தவர் கையில் ஏதாவது ஒன்று கிடைத்தாக வேண்டும் என்றார்கள். பொருள் அல்ல. பதற்றம் சற்றுத் தணிவது, தமக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்வதுதான் என்ற தெளிவு, அடுத்து என்ன செய்வது என்ற ஒரு வழி, இப்படி ஏதேனும் ஒன்று. எங்கள் நிலையத்தில் அந்தப் பெரியவருக்கு முதல் நாள் கிடைத்தது, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலை வாங்குவதற்கான ஒரு கடிதமும், வீட்டுக்குத் துணைக்கு ஓர் ஆளும். ஓக்லாந்து சைனாடவுனில் 2021 முதல் காம்பாஷன் இன் ஓக்லாந்து என்ற தன்னார்வக் குழுவினர் முதியவர்களுக்குத் தெருவில் துணை நடக்கிறார்கள். பெரியவரின் சிறுவயதைப் பற்றி யாரும் அன்று கேட்கவில்லை. அடுத்த வாரமும் வந்தார்.

இவ்வளவும் எழுதியதன் சாரம்: முதியவர்களுக்குப் பேச்சு பிடிக்காது என்பதை நான் நம்பவில்லை. காயத்துக்குக் காரணமானதை அப்படியே விட்டுவிட்டு, காயத்தைப் பற்றி மட்டும் பேசு என்றால் பிடிக்காது.

கணக்குமேசை | 22 பிப்ரவரி 2023

அப்படியென்றால் தமிழருக்குத் தமிழ் ஆலோசகர், முடிந்தது கதை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முடியவில்லை. நேற்று நான் எழுதியதையே சற்றுக் குறுக்கிக்கொள்கிறேன்.

ஊர் சிறியது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தமிழ் பேசும் ஆலோசகர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செவ்வாய்க்கிழமை யாரிடம் அழுதோமோ, அவரே ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயில் அன்னதான வரிசையில் நமக்கு முன்னால் தட்டோடு நின்று, சாம்பார் நன்றாக இருக்கிறது என்பார். அவர் வாயைத் திறக்க மாட்டார், உரிமம் போய்விடும். ஆனாலும் நமக்குச் சோறு இறங்காது. அதனாலேயே, நம்மவர் வேண்டாம் என்று தொலைபேசியில் முதலிலேயே சொல்லிவிடுகிறவர்கள் உண்டு, குறிப்பாக இளம்பெண்கள். வெள்ளைக்கார ஆலோசகரிடம் போனால் வதந்தி அச்சம் இல்லை. ஆனால் கூட்டுக்குடும்பம் என்ன, எச்1பி விசா என்ன, ஏன் காவல்துறையிடம் போகவில்லை என்று விளக்கியே முதல் சில வாரங்கள் போய்விடும். அந்தப் பாடத்துக்கும் கட்டணம் நாம்தான் கட்டுகிறோம். இனவெறியைப் பற்றிச் சொல்லும்போது, அவர் உண்மையில் அப்படி நினைத்துத்தான் செய்தாரா என்ற கேள்வி ஒன்று வந்துவிட்டால், அந்த அப்பாயின்ட்மெண்ட் அதோடு சரி. மறுநாள் ரத்துச் செய்யும் அழைப்பை எடுப்பவள் நான்.

இப்போது எனக்குத் தோன்றுவது: எந்த இனத்தவர் என்பதைவிட, நடந்ததை நிரூபிக்கச் சொல்லாமல் கேட்பவரா என்பது முக்கியம். மொழி மட்டும் விதிவிலக்கு. மொழி இல்லாமல் ஒன்றும் நடக்காது.

கணக்குமேசை | 6 மார்ச் 2023

மொழி என்று சொன்னதும் பிள்ளைகளைப் பற்றிய கேள்விகள் வந்துவிட்டன. பாட்டி சொல்வதை மருத்துவரிடம் பேரன் சொன்னால் போதாதா?

போதாது, பெரும்பாலும் சட்டமும் அனுமதிக்காது. 2010-இன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவையொட்டிய விதிகளின்படி, அரசு நிதி பெறும் நிலையம் அவசர ஆபத்துக் காலம் தவிர வயதுவராத பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தக் கூடாது. மொழிபெயர்ப்பாளரை நிலையம்தான் இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். இதைக் கேட்டுப் பெறலாம் என்பதே பலருக்குத் தெரியாது. சட்டத்தை விடுங்கள். தெருவில் தன்னை என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பேரன் வாயால் சொல்லவைக்க எந்தப் பாட்டி ஒப்புக்கொள்வார்? தலைவலி என்று சொல்லிவிடு என்பார். பேரனும் தலைவலி என்பான். தலைவலிக்கு மாத்திரை எழுதுவார்கள்.

2022 ஜூலை 16 முதல் 988 என்ற மூன்று எண்களை அழைத்தால் நாடு முழுவதும் மனநல நெருக்கடிக்கு உதவி கிடைக்கிறது. ஆங்கிலமும் ஸ்பானியமும் நேரடியாக. மற்ற மொழிகளுக்கு மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் எனக்குத் தமிழ் வேண்டும் என்று கேட்கும் அளவு ஆங்கிலம் முதலில் வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் தாளில் தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் ஒட்டியிருக்கிறது, பால்காரர் கணக்குக்குப் பக்கத்தில். இங்கே பால்காரர் ஏது என்று கேட்காதீர்கள். மாமியார் கடையில் வாங்கும் பாலுக்கும் கணக்கு எழுதுவார்.

கணக்குமேசை | 17 மார்ச் 2023

நேற்றோடு அட்லாண்டா நடந்து இரண்டு ஆண்டுகள். அது நடந்த மறுநாள் காவல்துறைப் பேச்சாளர் ஒருவர் செய்தியாளர்களிடம், சுட்டவனுக்கு அது ஒரு மோசமான நாளாக இருந்தது என்ற பொருளில் பேசினார். எங்கள் நிலையத்துக்கு வரும் பெண்கள் பலர் அதை இன்னும் மறக்கவில்லை.

ஆசிய முதியவர்கள் மனநலம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பதற்கு வெட்கத்தையே எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். இன்னொரு காரணத்தை நான் அண்மையில்தான் கவனித்தேன். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கச் சுரங்க ரயில் நிலையத்தில் மிஷெல் கோ என்ற பெண்ணைத் தண்டவாளத்தில் தள்ளிக் கொன்றவர் நெடுநாள் மனநோயாளி. விசாரணையை எதிர்கொள்ளத் தகுதியற்றவர் என்றே முடிவானது. தொலைக்காட்சியில் அந்தச் சொல் இவ்வாறு தாக்கியவரோடுதான் ஒட்டிக்கொண்டு வருகிறது. நான் அடிவாங்கியவள், பைத்தியம் அவனுக்கு, நான் எதற்கு அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று ஓர் அம்மா என் மேசை முன் நின்று கேட்டார். நியாயமான கேள்வியாகவே எனக்குப் பட்டது. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை என்பது உண்மை. அதை அந்த நேரத்தில் அந்த அம்மாவிடம் எடுத்துச்சொல்லும் துணிவு எனக்கு இல்லை. தேநீர் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021-இல் இந்த மாநிலம் ஆசிய, பசிபிக் தீவினர் சமூகங்களுக்காக மூன்று ஆண்டுகளுக்கு 16 கோடியே 65 லட்சம் டாலர் ஒதுக்கியது. அதில் பாதிக்கப்பட்டோர் உதவிக்கும் ஆலோசனைக்கும் வழி இருந்ததால், சிறு நிலையங்கள் பலவும் கான்டனீஸ், வியட்நாமிய, கெமர் மொழி தெரிந்தவர்களை வேலைக்கு எடுக்க முடிந்தது. வரவேற்கிறேன். ஆனால் மூன்றாண்டுப் பணத்தில் வருகிற ஆலோசகருக்குத் தம் வேலை எப்போது முடியும் என்பது வருகிற நாளிலேயே தெரியும். இரண்டாம் ஆண்டின் இறுதியில் வேறிடம் தேடத் தொடங்குவார். ஒரு கம்போடிய மூதாட்டி, தம் நாட்டில் பொல் போட் ஆட்சியின் படுகொலைக் காலத்தையும் பார்த்து இந்த நாட்டுத் தெருவையும் பார்த்தவர், ஒருவரை நம்பிப் பேச ஆரம்பிக்கவே ஓராண்டு ஆகிவிடுகிறது. ஒதுக்கீட்டின் காலமும் நம்பிக்கையின் காலமும் ஒருபோதும் ஒத்துப்போவதில்லை.

கணக்குமேசை | 18 மார்ச் 2023

தனிச்செய்தியில் பலர் கேட்டதால் பொதுவில் எழுதுகிறேன்: ஆலோசனைக்குப் போனால் கிரீன் கார்டு போய்விடுமா?

ஆலோசனைக்குப் போனது மட்டுமே காரணமாகப் போகாது. குடியேற்ற மருத்துவப் பரிசோதனையில் பார்ப்பது, மனநலக் கோளாறோடு தமக்கோ பிறருக்கோ உடைமைக்கோ தீங்கு செய்யும் நடத்தை சேர்ந்திருக்கிறதா என்பதை. கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல. அறையில் பேசியதை உங்கள் அனுமதியின்றி மேலாளரிடம் சொல்லவும் சட்டம் இடம் தராது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஊழியர் உதவித் திட்டம் என்று சில இலவசச் சந்திப்புகள் உண்டு; அங்கிருந்தும் தொடங்கலாம்.

உண்மையில் என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேருக்கு அச்சம் குடியேற்றத் துறையைப் பற்றியது அல்ல, அஞ்சல் பெட்டியைப் பற்றியது. காப்பீடு கணவர் பெயரில் இருந்தால், யார் எந்தத் தேதியில் எங்கே சிகிச்சை பெற்றார்கள் என்ற விவரத்தாள் அவர் பெயருக்கு வீட்டுக்கு வரும். மாமனார் பிரிப்பார். கலிபோர்னியாவில் 2022 ஜூலை முதல், மனநலம் போன்ற சிகிச்சைகளுக்கான தாளைச் சிகிச்சை பெறுபவருக்கே அனுப்பவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒருமுறை காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, எந்த முகவரிக்கு அல்லது மின்னஞ்சலுக்கு வரவேண்டும் என்று சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கணக்குமேசை | 2 ஏப்ரல் 2023

மாமியாரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றிருந்தேன்.

முழங்கால் சரியானது, நடை திரும்பியது. தூக்கம் திரும்பவில்லை. பின்னிரவில் எழுந்து சமையலறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பார். கேட்டால், மதுரையில் இப்போது மத்தியானம்தானே என்பார். குஜராத்திப் பாட்டியால் தெருவைத் திருப்பித்தர முடிந்தது, இரவைத் தர முடியவில்லை. கோயிலுக்கும் போனோம். அங்கே அவருக்கு நிம்மதிதான், ஆனால் அங்கே யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் குடும்ப மருத்துவரின் அலுவலகத்திலேயே உட்காரும் ஆலோசகர் ஒருவர், தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசத் தொடங்கினார். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எழுந்ததும் என்ன நினைவு வருகிறது. மூன்றாவது சந்திப்பில் மாமியாராகவே அந்தச் சேலையைப் பற்றிச் சொன்னாராம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. இப்போது பல இரவுகள் தூங்குகிறார். சில இரவுகள் இல்லை.

ஆகவே ஃப்ரீமாண்ட்வாசி, குடும்பமா கோயிலா ஆலோசகரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே எனக்கு இப்போது பொருந்தவில்லை. மூன்றும் தேவைப்பட்டன. அந்தப் பையனைப் பிடித்து ஒருவர் நாலு கேள்வி கேட்டிருந்தால் மூன்றுமே குறைவாகத் தேவைப்பட்டிருக்கலாம்.

ஃப்ரீமாண்ட்வாசி | 19 ஏப்ரல் 2023

வாதத்துக்காகக் கேட்கவில்லை. போன வாரம் பார்ட் ரயில் நிலையத்தில் என் தம்பியை ஒருவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, அடுத்த முறை கத்தி என்று மிரட்டியிருக்கிறான். போலீசில் சொல்லியாயிற்று. தம்பிக்குக் காப்பீடு சரியில்லை. என்ன செய்யலாம்?

கணக்குமேசை | 20 ஏப்ரல் 2023

தம்பிக்கு அடிபடவில்லை என்று நம்புகிறேன். கலிபோர்னியா பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு வாரியம், சுருக்கமாகக் கால்விசிபி, 1965 முதல் இருக்கிறது. இந்த நாட்டிலேயே அப்படிப்பட்ட முதல் திட்டம். உடற்காயம், அல்லது உடற்காயம் செய்வதாக மிரட்டல் இருந்தால் விண்ணப்பிக்கலாம், எனவே உங்கள் தம்பியின் நிலைக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். வெறும் வசைக்குக் கிடைப்பது கடினம். குடியுரிமை நிலை தடையில்லை. மனநல ஆலோசனைச் செலவைத் தருவார்கள். நெருங்கிய குடும்பத்தினருக்கும் சில சூழல்களில் உண்டு. பறிபோன பொருளுக்குத் தர மாட்டார்கள். காப்பீடு கொடுத்ததுபோக மிச்சத்தைத்தான் ஏற்பார்கள் என்பதால், இருக்கிற காப்பீட்டுக்கு முதலில் கணக்கு அனுப்ப வேண்டும். குற்றம் நடந்து ஏழு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு, ஆனால் தள்ளிப்போடாதீர்கள், ஆலோசகர் கிடைக்கவே வாரங்கள் ஆகும்.

ஒவ்வொரு கவுன்டியிலும் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் உதவி மையம் இருக்கிறது. விண்ணப்பத்தை அவர்களே இலவசமாக நிரப்பித் தருவார்கள். போகும்போது போலீஸ் புகார் எண்ணையும் காப்பீட்டு அட்டையையும் தம்பி எடுத்துக்கொள்ளட்டும். தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள். ஆலோசகரைத் தேடும்போது, கால்விசிபி ஏற்பீர்களா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். எல்லோரும் ஏற்பதில்லை.